கண்டக்டர் மாமாவின் கணக்கு

“நடக்கறதுக்கு எதுக்குத் தம்பி ஒரு வாத்தியாரு?”

நல்லம்பள்ளியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கண்டக்டர் மாமா இப்படிக் கேட்டார். கேள்வியில் கேலி பாதி, கலக்கம் பாதி. முப்பது வருஷத்துக்கு மேல் தர்மபுரி–சேலம் தடத்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வயது 68. ஒரே மகள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருஷம் டியூட்டி டாக்டராக இருந்தாள். போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டாள். இனிமேல் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சொல்லிக்கொடுத்து, நோய் வருவதற்கு முன்னாலேயே ஆளைப் பிடிக்கப் போகிறாளாம். வீட்டில் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“நீதான் பத்திரிகையில எழுதறவனாச்சே. நாலு வார்த்தை எடுத்துச் சொல்லு” என்று என்னை வரச் சொல்லியிருந்தார். யாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதனால் அவருக்கே சொல்ல ஆரம்பித்தேன்.

டீ வந்தது. அவருடையதில் சர்க்கரை தூக்கல். “சுகர் இருக்கா மாமா?” என்றேன். “இல்லை, பார்டர்” என்றார். நம் ஊரில் பாதிப் பேர் அந்தப் பார்டரில்தான் குடியிருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், பார்டரில் நிற்பவர்கள் ஏறக்குறைய 13.6 கோடி. மாமாவின் மகள் பிடிக்க நினைப்பது இந்த இரண்டாவது கூட்டத்தை.

“சரி, ஒரு கணக்குப் போடுவோம்” என்றேன். கண்டக்டரிடம் கணக்கு என்று சொன்னால் போதும், கண் விரிந்துவிடும். நல்லா இருக்கிற ஆளுக்குச் சாப்பிடும் முன் சர்க்கரை 100 என்று ரிப்போர்ட் வருகிறது. அதன் பொருள், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்கில், 100 மில்லிகிராம். உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அப்படியானால் மொத்தம் எவ்வளவு?

அவர் விரலை மடக்காமலே சொன்னார்: “அஞ்சு கிராம்.”

“அஞ்சு கிராம்னா இந்தக் கடை ஸ்பூன்ல ஒரு ஸ்பூன். உங்க உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஓடற ரத்தம் எல்லாத்துலயும் சேர்த்து ஒரு ஸ்பூன் சர்க்கரை. இப்ப இந்த டம்ளர்ல மாஸ்டர் எத்தனை போட்டாரு?”

மாஸ்டர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டுக்குக் குறையாது.

இந்த இடத்தில்தான் உடம்பு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு சர்க்கரை ஒரே டம்ளரில் உள்ளே போகிறது. போதாததற்கு ஒரு தட்டுச் சோறு. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் கடைசியில் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. அது அறுபது எழுபது கிராம் வரும். இவ்வளவும் ரத்தத்திலேயே தங்கினால் ஆள் காலி. தங்குவதில்லை. ஈரல் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொள்கிறது. பெரிய பங்கு போய்ச் சேரும் கிடங்கு நம் தசை. தொடை, பின்புறம், முதுகு, தோள் என்று உடம்பில் உள்ள சதை எல்லாம் சேர்ந்துதான் சர்க்கரைக்கான நெல் குதிர்.

குதிருக்குக் கதவு உண்டு. கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவு கொடுப்பது இன்சுலின். வயிற்றில் கொழுப்புச் சேரச் சேர, உட்கார்ந்தே இருக்க இருக்க, அந்த உத்தரவு கதவின் காதில் விழுவதில்லை. கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினை அனுப்பி உரக்கக் கத்துகிறது. சில வருஷம் கத்தும். பிறகு தொண்டை கட்டிப்போகும். பார்டர் என்று சொல்கிறோமே, அது இந்தக் கத்தல் நடக்கும் காலம்.

“இதுல ஒரு விஷயம் இருக்கு மாமா. அந்தக் குதிருக்குப் பின்கதவு ஒண்ணு உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உத்தரவு இல்லாமலே அது தானாத் திறக்கும். நீங்க நடந்தா, படி ஏறினா, எடை தூக்கினா, சர்க்கரை அந்த வழியா உள்ள போகும். நடையை நிறுத்தின பிறகும் சில மணி நேரத்துக்கு முன்கதவுக்கும் காது நல்லாக் கேட்கும்.”

“மாத்திரை இல்லாமலா?”

“மாத்திரை இல்லாமலே. ஆனா குதிரு இருக்கணுமே. ஐம்பதைத் தாண்டினா தசை வருஷா வருஷம் கரையுது. கிடங்கு சின்னதாயிட்டா மூட்டையை எங்க அடுக்குவீங்க? அதுக்குத்தான் உங்க பாப்பா நடையோட சேர்த்து எடை தூக்கறதையும் சொல்லிக் குடுக்கறேங்குது.” மகப்பேறு மருத்துவரான ஷீலா நம்பியார் உடற்பயிற்சிப் பக்கம் வந்தபோது எழுதிய புத்தகம் ஒன்றுக்கு ‘கெயின் டு லூஸ்’ என்று பெயர் வைத்தார். தசையைச் சேர்த்தால் கொழுப்பு குறையும் என்பதுதான் அந்தப் பெயரின் விஷயம். நம் வீட்டுப் பெண்களிடம் எடை தூக்கு என்றால் ஆம்பிளை மாதிரி ஆயிடுவேன் என்கிறார்கள். ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. அதை இடுப்பில் வைத்துச் சுமந்தபோது யாரும் ஆம்பிளை ஆகவில்லை.

மாமா டீயைக் கீழே வைத்தார். “இதெல்லாம் பேச்சு. ஆள வச்சுப் பாத்திருக்காங்களா?”

சரியான கேள்வி. சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் பார்டரில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று வருஷம் கவனித்தார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்காகப் பின்பற்ற வைக்கப்பட்டவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 பேருக்கு. மாத்திரை, நடை இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவிலும் அதே 39 சொச்சம்.

“அப்போ நூத்துக்குப் பதினாறு பேரு தப்பிச்சாங்க.”

“மூணு வருஷத்துக்குள்ள.”

“முப்பத்தொன்பது பேரு எல்லாம் செஞ்சும் மாட்டிக்கிட்டாங்க.”

இதனால்தான் இவரிடம் பேசப் பிடிக்கும். மேடையில் உடற்பயிற்சியைப் புகழ்பவர்கள் அந்த 16 பேரை மட்டும் காட்டுவார்கள், 39 பேரைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பரம்பரை இருக்கிறது, வயது இருக்கிறது, தாய் வயிற்றில் கிடைத்த சத்து இருக்கிறது. ஒழுங்காக நடந்தவருக்கும் சர்க்கரை நோய் வரும். வந்தால் அது அவருடைய குற்றம் இல்லை. மகள் இந்தத் தொழிலுக்கு வருவதென்றால் இந்த 39-ஐ மறக்காமல் வர வேண்டும்.

கடையில் போண்டா வந்தது. இரண்டாவது டீயும் சொன்னோம். அவர் என்ன நினைத்தாரோ, “சர்க்கரை கம்மி” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கண்டக்டர் வேலைக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய சொந்தம் உண்டு என்று அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டனில் ஜெரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அங்கே மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேடினார். லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டி, ஒரே ஷிஃப்ட், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே சாதி ஜனம். வித்தியாசம் ஒன்றுதான்: டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் பதிவுகளைப் பார்த்தார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. வந்தாலும் தாமதமாக, உயிரை எடுக்காத அளவில் வந்திருந்தது. 1953-இல் லான்செட் இதழில் அச்சானது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு காட்டிய முதல் பெரிய ஆய்வு அது.

மாமாவின் முகம் மாறியது. அவரோடு பல வருஷம் ஓடிய டிரைவர் ஒருவர் ஓய்வு பெறும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஸ்டென்ட் வைத்துத் தப்பித்தார். தொப்பூர் கணவாயில் முன்னால் போகும் லாரியின் பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்று கண்ணை அகல விழித்துக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கியிருப்பார்! “அந்த டென்சன்தான் தம்பி” என்றார் மாமா.

அதையும் மோரிஸிடம் கேட்டார்கள். டென்ஷனா, உட்காருவதா? அவர் தபால்காரர்களைப் போய்ப் பார்த்தார். தபால் பையோடு நடந்தவர்களையும் ஆபீசில் உட்கார்ந்தவர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் நடந்தவர்கள் தேவலாம். இன்னொரு வேலையும் செய்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பஸ் ஊழியர்களுக்குச் சீருடை தைத்த அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு அளவு கண்டக்டர்களை விடப் பெரிது. அதுவும் வேலையில் சேரும்போதே பெரிது. படி ஏறியதால்தான் எல்லாம் என்று சொல்ல முடியாது, குண்டானவர்கள் டிரைவர் வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று அவரே 1956-இல் எழுதினார். தன் கண்டுபிடிப்புக்கு எதிரான சாட்சியைத் தானே தேடிப் போன மனுஷன். 2009-இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

“எனக்கு மாடிப்படி ஏது? எங்க வண்டியில பாதி நேரம் முன் சீட்டுல உக்காந்துதான் இருந்தேன்.”

“அதான் பார்டருக்கு வந்துட்டீங்க.”

மோரிஸ் டாக்டர்தான். அவர் கை வைத்து வைத்தியம் பார்த்த நோயாளிகளை விட, அவர் கணக்கு காப்பாற்றியவர்கள் அதிகம். மருந்து எழுதுவதை விட்டால் டாக்டர் என்பது போய்விடாது என்று மாமாவுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜார்ஜ் ஷீஹன் என்ற இதய நிபுணர் 45 வயதில் மறுபடி ஓடத் தொடங்கி, பிறகு பிராக்டீஸை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பற்றி எழுதுவதும் பேசுவதுமாகவே ஆகிவிட்டார். அவரும் 74 வயதில் புற்றுநோயில்தான் போனார். அவருடைய கதை இவ்வளவு போதும். நமக்குப் பக்கத்திலேயே கதை இருக்கும்போது நியூ ஜெர்சி வரை ஏன் போக வேண்டும்?

“மாமா, நம்ம ஜில்லாவுல பல்லுல காவிக் கோடு இருக்கிறவங்களப் பாத்திருப்பீங்க.”

“பாக்காமயா? எங்க சித்தப்பாவுக்கு முதுகு வில்லு மாதிரி.”

தர்மபுரிக்காரர்களுக்கு ஃபுளோரைடைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையிலிருந்து தண்ணீரில் கலக்கிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது. போர் ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் அளவு கூடும். சின்ன வயதில் பல்லில் கறை. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு தடித்து, மூட்டு இறுகி, முதுகு வளையும். வளைந்த முதுகை நிமிர்த்த எந்த டாக்டரிடமும் மாத்திரை கிடையாது. வலிக்கு ஊசி போடலாம், அவ்வளவுதான். இந்த நோய்க்கு மருந்து மருத்துவமனையில் இல்லை, குழாயில் இருந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சுமார் 1,929 கோடி ரூபாயில் முடிந்து 2013-இல் காவிரித் தண்ணீர் வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருந்தார்கள். குழாய் பதித்த பிட்டர்களும் ஒரு விதத்தில் எலும்பு டாக்டர்கள்தான். (டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு என்பதை அந்த நேரத்தில் மாமாவிடம் சொல்ல மனம் வரவில்லை.)

இதில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. உடம்பில் கால்சியம் குறைவாக இருந்தால் ஃபுளோரைடின் பிடி இறுகும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்தை ஒட்டித்தான். கம்பும் ராகியும் சாமையும் விளைந்த இந்த மேட்டுக்காட்டில் அரிசிச் சோறு கௌரவம் ஆனது; களி என்றால் விருந்தாளிக்கு முன் மறைத்து வைக்கும் பண்டம் ஆனது. 2023-இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, எங்கள் பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

“களி சாப்புட்டா சுகர் வராதுன்னு பாப்பா சொல்லுதா?”

“அப்பிடிச் சொன்னா நானே சண்டைக்கு வருவேன். ராகியும் மாவுச்சத்துதான், நூத்துக்கு எழுபது பங்கு. நைஸா அரைச்சுக் கூழாக் குடிச்சா சர்க்கரை விறுவிறுன்னு ஏறும். மூணு உருண்டை களிய முழுங்கிட்டு கட்டில்ல படுத்தா அரிசிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு உருண்டை, கூடவே கீரைக் கடையலும் மொச்சையும் நிறைய. அந்தக் காலத்துல களி சாப்புட்டவன் சாயங்காலம் வரைக்கும் ஏர் ஓட்டினான். களிய மட்டும் எடுத்துக்கிட்டு ஏர விட்டுட்டோம்.”

அரிசியைத் தீட்டித் தீட்டிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று இந்த மாநிலத்திலேயே நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராணுவ டாக்டர் பார்த்துவிட்டார். ராபர்ட் மெக்கரிசன். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நிற்கிறது. அவர் எலிகளை வைத்துக்கொண்டு, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை அப்படியே போட்டு வளர்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழு. தீட்டிய அரிசியும் கொஞ்சம் குழம்பும் கொண்ட மதராஸ் சாப்பாட்டுக்காரர்கள் கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றார்கள். எலிக்குக்கூட நம் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை. அவர் அறுவை சிகிச்சையும் தெரிந்தவர். கில்கிட்டில் சர்ஜனாக இருந்தவர். கத்தியை வைத்துவிட்டு எலிக்கூண்டின் முன் உட்கார்ந்ததால் அவரைத் தொழிலை விட்டவர் என்று யாரும் சொல்லவில்லை.

மாமா கொஞ்சம் இளகியிருந்தார். ஆனாலும் விடவில்லை. “அவங்கெல்லாம் வெள்ளைக்காரங்க. கவர்மெண்டு சம்பளம். இவளுக்கு யாரு குடுப்பா?”

அதற்கு முன் சித்திலிங்கியைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அரூர் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே வந்தார்கள். கேரளத்தில் படித்தவர்கள், காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். அப்போது அங்கே ஆஸ்பத்திரி என்றால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் 147 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் மண்ணும் கூரையுமாகக் கட்டிக்கொடுத்த குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்சுகளாக்கினார்கள். பிறகு அந்த 147 இருபதை ஒட்டி வந்தது. இந்த இடத்தோடு நின்றிருந்தாலே போதும், நல்ல மருத்துவமனைக் கதைதான்.

அவர்கள் நிற்கவில்லை. குழந்தை பிழைத்துவிட்டது, ஆனால் சோகையாக இருக்கிறது. பெரியவர்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் வரத் தொடங்கியது, மலை ஜனத்துக்கு! காரணம் தேடினால் அது வயலில் இருந்தது. வீட்டுக்குச் சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் பணப்பயிர் வந்திருந்தது. விளைந்ததை விற்று, அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள். உரத்துக்கும் மருந்துக்கும் கடன். கடன் அடைக்க ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போனார்கள். டாக்டர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார்கள். 2004-இல் சித்திலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் பிறந்தது. சிறுதானியத்தை மறுபடி விதைத்து, அரைத்து, கட்டி விற்றார்கள். 2006-இல் லம்பாடிப் பெண்கள் மறந்துபோன தங்கள் பூவேலைப்பாட்டை ‘போர்கை’ என்ற பெயரில் திரும்ப எடுத்தார்கள். ஊசி போட வந்த டாக்டர்கள் தைக்கும் ஊசியில் வந்து நின்றார்கள் என்று சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. சுமாரான சிலேடைதான்.

“ஆனா ஆஸ்பத்திரிய மூடலையே?”

“மூடலை.”

இந்த ஒரு கேள்விக்காகவே மாமாவுக்கு இன்னொரு போண்டா வாங்கிக் கொடுத்திருக்கலாம். மருத்துவத்தை விட்டேன் என்று அறிவித்துவிட்டு வெளியே வருபவர்களில் சிலர் ஆஸ்பத்திரியையே எதிரியாக்கிவிடுகிறார்கள். இன்சுலின் விஷம், மாத்திரை வியாபாரம், என் கஞ்சி மாவைக் குடி என்று தொடங்குகிறார்கள். பெயருக்கு முன்னால் உள்ள டாக்டர் பட்டத்தை மட்டும் விடுவதில்லை. மாவு விற்க அது வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். ஒரு டாக்டர் எந்தப் பண்டத்துக்கும் சாட்சி சொல்லி விளம்பரத்தில் நிற்கக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறையிலேயே இருக்கிறது. இன்சுலின் போட்டே ஆக வேண்டிய ஒரு பையனிடம் ஊசியை நிறுத்து என்று சொன்னால், சில நாளில் அவன் உயிருக்கே ஆபத்து. டாக்டராக இருந்து பயிற்சி சொல்லித்தர வருபவரின் மதிப்பே எங்கே இருக்கிறது என்றால், எதிரில் நிற்பவரின் மூச்சிரைப்பைப் பார்த்ததும், “இன்னிக்கு நடை வேண்டாம், முதல்ல ஈ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க” என்று சொல்லத் தெரிவதில்தான். ஜிம்மில் மூன்று மாதம் படித்த பையனுக்கு அது தெரியாது. அவன் மேல் தப்பும் இல்லை.

கண்டக்டர் பாஷையில் சொன்னால், நோய் என்பது ஒரு தடம். ஆஸ்பத்திரியில் ஆளைக் கடைசி ஸ்டாப்பில் பார்க்கிறார்கள். மகள் ஐந்து வருஷம் அங்கே நின்று பார்த்திருக்கிறாள். கால் புண் அழுகி வருபவர், சிறுநீரகம் போய் வருபவர், எல்லாரும் பத்து ஸ்டாப்புக்கு முன்னால் ஏறியவர்கள். அவள் முன்னால் ஒரு ஸ்டாப்பில் போய் நிற்கப் பார்க்கிறாள். தடம் அதேதான்.

“அது சரி. அந்த ஸ்டாப்புல எவனும் டிக்கெட் வாங்க மாட்டானே தம்பி.”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கால் வெட்ட வேண்டும் என்றால் நிலத்தை விற்றுக் கட்டுவார்கள். கால் வெட்டாமல் இருக்க மாதம் ஐந்நூறு என்றால் யோசிப்பார்கள். வராத நோய்க்கு பில் போட முடியாது. அதனால்தான் இந்த வேலையைப் பெரும்பாலும் அரசாங்கம் செய்ய வேண்டியிருக்கிறது. 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. 2023-இல் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று இன்னொரு திட்டம். நடைபாதை போட்டால் நடப்பார்களா? நடக்க விடியற்காலை நேரம் வேண்டும். வாரச் சந்தைக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு வருபவருக்கு நடை ஒரு குறை இல்லை, அவருக்குக் குறை வேறு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நேரம் இல்லை. மகள் நடத்தப் போகும் பயிற்சிக்குப் பணம் கொடுக்க முடிந்தவர்கள் தர்மபுரி டவுனில் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அவர்களிடம் வாங்கி, நல்லம்பள்ளியில் இலவசமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும். வாரத்தில் மூன்று நாள் ஒரு கிளினிக்கில் உட்கார வேண்டியிருக்கும். அவளே அப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறாளாம். மாமா இதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தார்.

“அப்ப முழுசா விடலையா?”

“கோவத்துல நான்தான் கேட்கலை” என்றார்.

சேலம் பஸ் ஒன்று வந்து நின்றது. படியில் கால் வைக்கும் ஆட்களை அவர் பழக்கதோஷத்தில் எண்ணினார். வண்டி கிளம்பியதும், “பாப்பா ஒரு டெஸ்ட் வச்சிருக்குதாம். மிஷினு கிஷினு வேண்டாமாம். என்னாது அது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த டெஸ்ட்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, எங்கேயும் ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முப்பது செகண்டில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும். அவர் வயது ஆம்பிளைக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் தொடைக் கிடங்கு சுருங்குகிறது என்று அர்த்தம்.

“எழுந்து உக்கார்றதுக்கு ஒரு டெஸ்டா” என்று சொல்லிக்கொண்டே கையைக் கட்டினார். நான் செல்போனில் நேரம் பார்த்தேன். மாஸ்டர் பாய்லரை விட்டு வந்து நின்றார். ஐந்து வரைக்கும் டிக்கெட் கொடுக்கிற வேகம். ஏழில் மூச்சு வாங்கியது. எட்டில் கை தானாகப் பெஞ்சைத் தேடியது. அவரே அதைத் தட்டி மடக்கிக்கொண்டார். ஒன்பதில் நேரம் முடிந்தது.

“ஒம்போது” என்றார் மாஸ்டர்.

“பெஞ்சு தாழ்வு” என்றார் மாமா.

பெஞ்சு தாழ்வுதான். அந்த டெஸ்டுக்கு நாற்காலி பதினேழு அங்குலம் இருக்க வேண்டும். இது பதினான்குகூடத் தேறாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் எனக்கு வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று. அவர் பெஞ்சின் காலை ஜாண் வைத்து அளந்துகொண்டிருந்தார்.